மகவின் முதற் காய்ச்சல்

உடல் சுடும் நோய்க்குத் தமிழில் பெயர்கள் பல உண்டு. வெப்பு என்பது பழைய பெயர். பாண்டியனுக்கு உற்ற வெப்பு நோயைத் திருஞானசம்பந்தர் தீர்த்த வரலாற்றைப் பெரியபுராணம் கற்றோர் அறிவர். சுரம் என்பது வடமொழியினின்று வந்து சித்த மருத்துவ ஏடுகளில் நிலைபெற்ற சொல். காய்ச்சல் என்பதோ காய்தல் என்னும் வினையிற் பிறந்து, இன்று வீடுதோறும் வழங்குவது. மூன்றும் சூட்டை மட்டுமே சுட்டுகின்றன. அச்சூடு எதனால் வந்தது, எங்குக் கொண்டு செல்லும் என்பதைப் பற்றி இச்சொற்கள் யாதும் கூறுவதில்லை. சொல்லின் இந்த எல்லையை மறந்து, சூடே நோய், சூடு தணிந்தால் நலம் என்று கொண்டுவிடுவதால்தான் கைக்குழந்தை உள்ள வீடுகளில் இருவகைத் தவறுகள் நிகழ்கின்றன. அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சுகின்றனர். அஞ்ச வேண்டிய இடத்தில் அமைதி கொள்கின்றனர்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், மருத்துவம் அறிந்தவன் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றைக் கூறுமிடத்து நோயுற்றவனை முதலிலும், நோயை அடுத்தும், காலத்தை அதன்பின்னும் வைத்துள்ளது. குழந்தைக் காய்ச்சலில் இவ்வரிசை பெரிதும் பொருந்துவதாகும். வெப்பமானி காட்டும் எண்ணை நோக்குமுன் குழந்தையை நோக்க வேண்டும்.

புக்கிட் தெங்கா வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குக் காய்ச்சல் என்பது அச்சம் நிறைந்த பழைய சொல். செபராங் பிறைப் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கரும்புத் தோட்டங்களில் தமிழர் உழைத்தனர். கரும்பு போய் இரப்பர் வந்த பின்னும் அவர்கள் மக்களே பால்மரம் வெட்டினர். அக்காலத் தோட்டங்களில் காய்ச்சல் என்றாலே பெரும்பாலும் மலேரியாதான். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் 1897ஆம் ஆண்டில் செகந்தராபாத்தில் கண்டறிந்தார். அவ்வறிவைக் கொண்டு மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் 1901 முதல் கிள்ளானில் சதுப்பு நிலங்களை வடித்துக் காய்ச்சலைக் குறைத்தார். தோட்டத்து மக்கள் கைப்பான கொயினாவை விழுங்கிய காலம் அது.

அன்று தாயும் தந்தையும் விடியுமுன் பெரட்டுக்குச் சென்றாக வேண்டும். குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வர். உடம்பு சுட்டால் ஆயாவே முதலில் அறிவாள். அடுத்து டிரசர் வந்து பார்ப்பார். அவர்க்கு மேலான மருத்துவர் எட்டாத தொலைவில் இருந்தார். இன்று நிலை வேறு. 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதர்க்குப் பரவும் மலேரியா இந்நாட்டில் உள்ளூரில் தோன்றியதாகப் பதிவில்லை. குரங்குகளிடமிருந்து பற்றும் வகை மட்டுமே எஞ்சியுள்ளது. புக்கிட் மெர்தாஜாமிலும் செபராங் ஜெயாவிலும் அரசு மருத்துவமனைகள் சில கல் தொலைவிலேயே உள்ளன. ஆனால் பெற்றோர் பிறைத் தொழிற்பேட்டையில் முறைவேலைக்குச் செல்ல, குழந்தை பாட்டியின் மடியில் இருக்கின்றது. அன்று ஆயா செய்த முடிவை இன்று பாட்டி செய்கின்றார். மருத்துவமனை எட்டும் தொலைவிற்கு வந்துவிட்டது. எப்போது புறப்படுவது என்னும் கேள்வி மட்டும் அங்கேயே நிற்கின்றது.

அக்கேள்விக்கு முதல் விடை குழந்தையின் வயதில் இருக்கின்றது. மூன்று மாதம் நிரம்பாத மகவுக்கு 38 பாகை செல்சியஸ் (பழைய பாரன்ஹீட் கணக்கில் 100.4) அல்லது அதற்கு மேல் சூடு கண்டால், வேறு குறி எதுவும் இல்லாவிடினும், பகலாயினும் இரவாயினும் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். பால் குடிக்கின்றது, சிரிக்கின்றது என்பன இங்கு ஆறுதலாகா. அத்துணைச் சிறிய உடலில் குருதியிலோ, சிறுநீர்ப் பாதையிலோ, மூளையைச் சூழ்ந்த உறையிலோ கிருமி புகுந்தால் சில மணி நேரத்திற்குச் சூடு ஒன்றே வெளிப்படும் அடையாளமாக இருக்கக்கூடும். இரண்டு மாதத்திற்குட்பட்ட மகவுக்குக் கக்கத்தில் 37.5 பாகை இருந்தாலே அதனை எச்சரிக்கையாகக் கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி கூறுகின்றது. இன்னொன்றும் உண்டு. மிக இளங்குழந்தையின் உடல் நோயுற்றபோது சுடாமல் குளிர்ந்தும் போகலாம். கக்கத்தில் 35.5 பாகைக்குக் கீழே இறங்கிய பச்சிளங்குழந்தையும் அதே ஆபத்தில் இருப்பதே.

இங்குப் பிள்ளைப்பேற்று வீட்டின் வழக்கம் ஒன்று குறுக்கிடும். தாயையும் சேயையும் காற்றுப்படாத அறையில் வைத்துத் துணிமேல் துணியாகச் சுற்றுவது நம்மவர் முறை. வெப்ப நாட்டில் இவ்வாறு பொதிந்து வைத்தால் நோயின்றியே குழந்தையின் உடல் சுடக்கூடும். ஆதலின் மேல்துணிகளை நீக்கிச் சிறிது நேரங்கழித்து மீண்டும் அளப்பது தக்கது. ஆனால் சூடு தணிகின்றதா பார்ப்போம் என்று அரைநாள் காத்திருத்தல் தகாது.

பல குழந்தைகளுக்கு முதற்சூடு தடுப்பூசியோடு வருகின்றது. மலேசியாவில் 2020ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ஆறு நோய்களைத் தடுக்கும் கூட்டூசி 2, 3, 5 ஆகிய மாதங்களிலும் மீண்டும் 18ஆம் மாதத்திலும் போடப்படுகின்றது. ஊசி போட்ட இரண்டு நாட்களுக்குள் உடல் சற்றுச் சுடுவது இயல்பே. எனினும் மூன்று மாதம் நிரம்பாத மகவுக்கு 38 எட்டினால், இது ஊசிக் காய்ச்சல்தான் என்று வீட்டினரே தீர்ப்புக் கூறலாகாது; தாய்சேய் நல நிலையத்துத் தாதியரையோ மருத்துவரையோ கேட்டறிய வேண்டும்.

மூன்று மாதம் கடந்த பின்னர்க் கணக்கு மாறுகின்றது. தாயின் வயிற்றிலிருந்தபோது பெற்ற நோயெதிர்ப்புப் பொருள்கள் மெல்ல மெல்லக் குறைய, குழந்தையின் உடல் தானே போரிடக் கற்கத் தொடங்குகின்றது. அரையாண்டு நிறைவில் சளியோடு வரும் காய்ச்சல்களிற் பெரும்பாலானவை நுண்ணுயிர் நச்சுகளால் வந்து தாமே நீங்குவன. உடலின் வெப்பத்தைக் கூட்டுவது மூளையே. கிருமியை எதிர்க்கும் ஏற்பாடுகளுள் அதுவும் ஒன்று. ஆதலால் 39 என்ற எண்ணைக் கண்டவுடன் நடுங்க வேண்டியதில்லை. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு 39 பாகை காணின் மருத்துவரிடம் காட்டுவது நலம். மற்றப்படி, எண்ணைவிடக் குழந்தையின் நடப்பே பெரிய சான்று.

பாட்டி கேட்கும் கேள்வி

காய்ச்சல் கண்ட வீட்டில் பாட்டிமார் முதலில் கேட்பது, "பிள்ளை பால் குடித்ததா?" என்பதே. படியாதவர் பேச்சென்று இதனை ஒதுக்குவாரும் உளர். ஆனால் நோயுற்ற குழந்தையைச் சோதிக்க உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறையிலும் முதலில் கேட்கப்படுவது இக்கேள்விதான். குடிக்க இயலாமை, குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் எழாத சோர்வு ஆகிய நான்கில் ஒன்றிருந்தாலும் குழந்தை உடனே மருத்துவமனை சேர வேண்டும் என்பது அம்முறை. பாட்டி உச்சிக்குழியைத் தடவிப் பார்ப்பதும் பொருளற்ற செயலன்று. அது குழிந்திருந்தால் உடலில் நீர் வற்றியுள்ளது. அழாமல் அமைதியாக இருக்கும்போதும் புடைத்து நின்றால் மூளையுறை நோயாக இருக்கலாம். தோட்டத்துப் பெண்கள் ஏட்டிற் கல்லாமல் கைப்பழக்கத்தால் பெற்றிருந்த இவ்வறிவு போற்றத்தக்கது. வெப்பமானி வந்ததால் இதனைக் கைவிடுதல் ஒரு செல்வத்தை இழப்பதாகும்.

இவற்றோடு மூச்சை எண்ணுதலையும் பழகிக்கொள்ளுதல் வேண்டும். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையை உயர்த்தி, வயிறு எழுவதைக் கடிகாரத்தை நோக்கியபடி ஒரு நிமிடம் முழுமையாக எண்ண வேண்டும். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60, ஓராண்டு வரை 50, அதன்மேல் ஐந்தாண்டு வரை 40; இந்த எண்ணிக்கையையோ அதற்கு மேலோ இருந்தால் அது விரைந்த மூச்சு. மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால் நுரையீரல் துன்புறுகின்றது என்று பொருள். எழுத்தறியாத பாட்டிக்கும் பேரப்பிள்ளை ஒன்று பக்கத்தில் இருந்து எண்ணிச் சொல்லலாம்.

சூட்டை அளப்பதற்குக் கருவி வேண்டும். உள்ளங்கை சூடு உண்டென்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. பாதரசக் கருவிகள் உடைந்தால் தீங்கு என்பதால் வழக்கொழிந்து வருகின்றன. எண் காட்டும் மின் வெப்பமானி மலிவாகவே கிடைக்கின்றது. கக்கத்தின் வியர்வையைத் துடைத்து, முனை தோலோடு பொருந்துமாறு வைத்து, குழந்தையின் கையை மார்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும். கக்கம் உள்ளுடலைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும் என்பதையும் நினைவிற் கொள்க.

மாந்தம் என்னும் சொல்

சொற்கள் தீங்கும் செய்வதுண்டு. குழந்தை சுட்டு, கக்கி, கழிந்தால் மாந்தம் என்கின்றனர். மெலிந்தால் கணை என்கின்றனர். அழுதால் திருஷ்டி என்கின்றனர். ஏழாம் மாதமாயின் பல் முளைக்கின்றது என்பர். பெயர் வைத்தவுடன் தேடல் நின்றுவிடுகின்றது; அங்குதான் ஆபத்து. பல் முளைக்கும்போது ஈறு வீங்கலாம், எச்சில் வழியலாம், உடல் சிறிது வெதுவெதுப்பாகலாம். 38 பாகைக்கு மேற்பட்ட காய்ச்சல் பல்லினால் வருவதில்லை என்பது ஆராய்ந்தோர் முடிபு. தொக்கம் எடுப்பவரிடம் கொண்டு செல்வதும் அத்தகையதே. இன்னொரு தொல்லையும் உண்டு. மருத்துவ நிலையத்தில் மலாய்த் தாதி, "டெமாம் பெராப்பா ஹாரி?" என்று எத்தனை நாள் காய்ச்சல் எனக் கேட்கும்போது, மாந்தம் என்ற விடையால் அவருக்கு விளங்குவது ஒன்றுமில்லை. கக்கியது எத்தனை முறை, கழிந்தது எத்தனை முறை, சிறுநீர் கடைசியாக எப்போது என்று சொன்னால் மருத்துவம் அங்கேயே தொடங்கிவிடும்.

கைமருந்துகள் எல்லாம் தள்ளத்தக்கன அல்ல. எல்லாம் கொள்ளத்தக்கனவும் அல்ல. திருநீறு பூசுவதால் கேடில்லை. சாம்பிராணிப் புகை மூச்சுக்குழலை உறுத்தும். தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி மார்பில் தேய்ப்பது பரவலான வழக்கம். கற்பூரம் தோல்வழியும் உட்செல்வது, வாய்வழி சென்றால் வலிப்பையே உண்டாக்குவது. ஆகவே கைக்குழந்தைக்கு அது வேண்டா. உரைமருந்தில் முதலிடம் பெறும் வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்றும், பேர் சொல்லா மருந்து என்றும் முன்னோர் சிறப்பித்தனர். அதிலுள்ள அசரோன் என்னும் பொருள் விலங்குகளில் புற்றுநோய் விளைப்பதாகக் கண்டு, அமெரிக்க அரசு 1968ஆம் ஆண்டில் அதனை உணவிற் சேர்ப்பதைத் தடை செய்தது. பெயரின் பெருமை மருந்தைக் காப்பாற்றாது. உரைமருந்தைத் தேனில் குழைத்து நாவில் தடவுவது அதனினும் தீது. தேனில் தங்கியிருக்கும் ஒருவகைக் கிருமி வித்து ஓராண்டு நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் என்பது 1976ஆம் ஆண்டு முதல் அறியப்பட்ட உண்மை. தேனை அனுபானமாகக் கொண்டது நம் மருத்துவ மரபே. ஆயினும் முதலாண்டில் அதனை விலக்கியே ஆக வேண்டும்.

தமிழர் இல்லங்களில் நீங்கா இடம்பெற்ற கிரைப் வாட்டருக்கும் காய்ச்சலோடு ஒரு பழைய உறவு உண்டு. 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரத்தில் வில்லியம் உட்வர்டு என்பவர் அதனை உருவாக்கியபோது, சதுப்பு நிலக் காய்ச்சல் கண்ட குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்ட மருந்தே அவருக்கு வழிகாட்டியது. பழைய கலவையில் சாராயமும் இருந்தது. குழந்தை அமைதியுற்றதில் வியப்பில்லை. இன்றைய கிரைப் வாட்டர் காய்ச்சல் மருந்தன்று. ஆறு மாதம் வரை தாய்ப்பாலே உணவு, அதுவே நீர். காய்ச்சலின்போது அடிக்கடி கொடுக்க வேண்டுவதும் அதுவே. சர்க்கரைத் தண்ணீர் வேண்டா.

அண்டை வீட்டு மலாய்ப் பெண்மணி செம்பருத்தி இலையைக் கசக்கித் தலையில் வைக்கச் சொல்வார். மருந்துக்கடைக்காரர் நெற்றியில் ஒட்டும் குளிர்ப்பட்டையை நீட்டுவார். இவை சிறிது இதம் தரலாம், நோயை மாற்றா. பனிக்கட்டி நீரில் துடைப்பது கூடாது. தோல் குளிர, குழந்தை நடுங்க, உள்ளே சூடு மேலும் ஏறும். மெல்லிய பருத்திச் சட்டை, காற்றோட்டமான அறை, போதிய பால் இவையே போதும்.

மருந்தளவு

மருந்து என்றால் பாராசிட்டமால் ஒன்றே. அதுவும் எண்ணைக் குறைப்பதற்கன்று. குழந்தையின் நோவையும் நச்சரிப்பையும் தணித்துப் பால் குடிக்கச் செய்வதற்கே. மூன்று மாதத்திற்குட்பட்ட மகவுக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுத்தல் ஆகாது. நோயின் ஒரே அடையாளத்தை அது மறைத்துவிடும். அளவு வயதால் அன்று, எடையால் கணிக்கப்படுவது. ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். வேளைக்கும் வேளைக்கும் இடையில் நான்கு முதல் ஆறு மணி. ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேற்படலாகாது. இந்நாட்டுக் கடைகளில் 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள மருந்தும், 250 மில்லிகிராம் உள்ள மருந்தும் விற்கப்படுகின்றன. எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு முதலாவதில் 5 மில்லி சரியான உயர்ந்த அளவு. இரண்டாவதில் அதே 5 மில்லியைக் கொடுத்தால் இருமடங்கிற்கு மேல் சென்றுவிடும்; அதில் 2.4 மில்லிதான் கொடுக்கத்தக்கது. பகலில் தாய் ஒரு புட்டியிலும் இரவில் பாட்டி வேறு புட்டியிலும் எடுத்து, ஒரே சமையற்கரண்டியால் அளந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். கல்லீரல் அதனைத் தாங்காது. மருந்தோடு தரும் அளவுக் குழாயையே பயன்படுத்துக.

ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு விலக்கு. 1963இல் ஆஸ்திரேலியாவில் ரை என்னும் மருத்துவர் விவரித்த, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் நோயோடு அதற்குத் தொடர்பிருப்பது பின்னர்த் தெளிந்தது.

ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பும் வருவதுண்டு. இதனைச் சன்னி என்று கூறி வீடே அலறும். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பர். பல்லிடையே கரண்டியைச் செருகுவர். சாவியால் பயனில்லை; கரண்டியால் பல்லுடைந்து மூச்சுக்குழலை அடைக்கும். செய்யத்தக்கது எளிது. தரையில் ஒருக்களித்துக் கிடத்தி, வாயில் எதையும் இடாமல், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஐந்து நிமிடத்திற்குள் அடங்கிவிடும். ஐந்து நிமிடத்தைக் கடந்தால் 999 எண்ணை அழைத்தல் வேண்டும். விரைவில் அடங்கினாலும், முதல் வலிப்பு மருத்துவர் பார்க்க வேண்டியதே.

சூடு தணிந்த பின்

இனி, பினாங்குப் பகுதியார் மறக்கலாகாத ஒரு காய்ச்சல். இந்நாட்டில் டெங்குவைப் பற்றிய முதல் மருத்துவப் பதிவு 1902ஆம் ஆண்டில் பினாங்கிலிருந்தே எழுந்தது. குருதிக் கசிவோடு கூடிய கடுமையான டெங்கு மலாயாவில் முதன்முதல் காணப்பட்டதும் 1962இல் பினாங்கிலேதான். அந்நாளில் அது பெரிதும் குழந்தைகளையே வாட்டிற்று. தாய்க்கு முன்னர் டெங்கு வந்திருந்தால், அவளிடமிருந்து சேய் பெற்ற எதிர்ப்புப் பொருள் தேய்ந்து குறையும் மாதங்களில், அது காவாமல் நோயைக் கடுமையாக்கவும் கூடும். அதனால் முதல் டெங்குவே சில கைக்குழந்தைகளுக்குக் கடுமையாக அமைகின்றது. டெங்கு என்று ஐயம் இருக்கும்போது ஐபுபுரோபன் கொடுக்கலாகாது. குருதிக் கசிவு மிகும்.

டெங்குவின் இயல்பு நம் சொல்லையே ஏமாற்றுவது. மூன்று நாள் கொதித்த உடல் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ குளிர்கின்றது. காய்ச்சல் விட்டது என்று வீட்டினர் மகிழ்கின்றனர். அந்நேரத்தில்தான் சிறு குழாய்களினின்று குருதிநீர் கசியத் தொடங்கும். சூடு இல்லை, ஆனால் குழந்தை துவண்டிருக்கும், பாலை மறுக்கும், கைகால் சில்லிட்டிருக்கும், விடாமல் கக்கும், வயிறு உப்பும், ஈற்றிலோ மூக்கிலோ குருதி தெரியும். வெப்பமானி 37 என்று காட்டும்.

ஆதலின் காய்ச்சல் கண்ட முதல் மணியிலிருந்தே ஒரு தாளில் நேரம், சூடு, குடித்த பால், நனைந்த துணிகள், கொடுத்த மருந்து ஆகியவற்றை வரிசையாக எழுதி வருவது பெரும்பயன் தரும். மூன்றாம் நாளும் சூடு நீடித்தால் அத்தாளோடு குருதிச் சோதனைக்குச் செல்லலாம். ஆறு மணிக்கு மேலாகத் துணி நனையவில்லை என்பதைத் தாளைப் பார்த்துத்தான் அறிய முடியும். இரவெல்லாம் விழித்த தாய்க்கும், விடியலில் பொறுப்பேற்ற பாட்டிக்கும் நினைவு மாறுபடும். சூடு தணிந்த பின்னும் இரண்டு நாள் அத்தாளில் எழுதி வர வேண்டும். அந்த இரண்டு நாளும் சூட்டுக்குரிய பத்தி வெறுமையாகவே இருக்கலாம், பாலுக்கும் நனைந்த துணிக்கும் உரிய பத்திகளே பார்க்கத்தக்கவை.